உப்பின் கணக்கு

வண்ணாரப்பேட்டைவாசிகளுக்கு உப்பைப் பற்றி ஒருவரும் புதிதாய்ச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்கே சற்று நடந்தால் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். காலடியில் ஆழ்குழாய்க் கிணறு. மூன்றிலும் உப்பு. வீட்டுச் சுவரில் காரை பூத்து உதிர்வதும், ஜன்னல் கம்பிகள் துருவேறி நொறுங்குவதும், வேகாத துவரம்பருப்பும், நுரைக்காத சோப்பும் உப்பு மகாராஜனின் திருவிளையாடல்களே. துணி வெளுப்பவர்களின் பெயரைத் தாங்கிய இப்பேட்டையில், வெளுப்பதற்கு ஏற்ற நல்ல ஜலம் ஒரு காலத்தில் தாராளமாய் இருந்திருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் துணி வியாபாரத்துக்காக வண்ணார்களையும் நெசவாளர்களையும் குடியேற்றிய பகுதி இது. 1772-ஆம் ஆண்டில் கோட்டைக்கு நீர் கொடுப்பதற்காகக் கேப்டன் பேக்கர் என்பவர் தோண்டுவித்த ஏழு கிணறும் இங்கிருந்து அதிக தூரமில்லை. கடலுக்கு இவ்வளவு அருகில் தித்திப்பான கிணறுகள்! அது எப்படி இருந்தது, எப்படிப் போயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உப்போடு நமக்குள்ள உறவு பகைமை மாத்திரம் அன்று. பக்கிங்காம் கால்வாயின் முதற் பகுதி, சென்னையிலிருந்து எண்ணூர் வரையில், 1806-ஆம் ஆண்டு வாக்கில் காக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டது. எண்ணூர்ப் பக்கத்து அளங்களில் விளைந்த உப்பு அந்த நீர்வழியே படகில் வந்து, இன்றும் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று வழங்கும் இடத்தில் இறங்கிற்று. பிறகு அந்த உப்பின் மீது விதித்த வரி ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்த கதையை நேயர்கள் அறிவார்கள். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, அம்மாதம் 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அதே வருஷம் சென்னைக் கடற்கரையிலும் பிரகாசம், நாகேசுவர ராவ் பந்துலு முதலியோர் தலைமையில் உப்புக் காய்ச்சப்பட்டது. வரி ஒழிந்தது 1947-ல்.

கடல் நீரிலிருந்து உப்பை எடுப்பது அன்று தேசத்தின் பிரச்னை. இன்று வடசென்னையின் பிரச்னை தலைகீழ்: கடல் நீரிலிருந்து ஜலத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். அந்த விதியைத்தான் பள்ளிக்கூடத்தில் 'தொகைசார் பண்புகள்' என்று கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறோம். பையன்களும் மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்து விடுகிறார்கள். மறக்கக்கூடிய விஷயமா இது என்பதே நமது கேள்வி.

தொகை என்றால் பணமல்ல, எண்ணிக்கை. தண்ணீரில் ஒரு பொருளைக் கரைத்தால் அதன் நிறமும் ருசியும் பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் சில குணங்கள், கரைந்தது என்ன சரக்கு என்று விசாரிப்பதே இல்லை. எத்தனை துகள்கள் என்று மட்டும் எண்ணிப் பார்க்கின்றன. அப்படிப்பட்ட குணங்கள் நான்கு: தண்ணீரின் ஆவியழுத்தம் குறைகிறது, கொதிக்கும் நிலை உயர்கிறது, உறையும் நிலை தாழ்கிறது, சவ்வூடு பரவல் அழுத்தம் என்ற ஒன்று உண்டாகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து உள்ளவனுக்கு மட்டும் வோட்டு இருந்தது. 1951-52 பொதுத் தேர்தலில்தான் வயது வந்தோர் அனைவருக்கும் தலைக்கு ஒன்று என்று ஆயிற்று. தண்ணீரோ ஆதி முதல் இந்தத் தர்மத்தையே கடைப்பிடித்து வருகிறது. சர்க்கரை மூலக்கூறு பெரிய மிராசுதார். ஆனாலும் அதற்கு ஒரே வோட்டுத்தான். ஒரு லிட்டர் ஜலத்தில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால்தான் அது உறையும் நிலை சுமார் 1.86 டிகிரி இறங்குகிறது. உப்பு 58½ கிராம் போட்டாலே அதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு இறங்கி விடுகிறது.

இதில் ஒரு சூது இருக்கிறது. 342 கிராம் சர்க்கரையிலும் 58½ கிராம் உப்பிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். அப்படியிருக்க உப்புக்கு மட்டும் இரட்டிப்புப் பலன் ஏன்? உப்பு தண்ணீரில் விழுந்ததும் சோடியம், குளோரின் என்று இரண்டு அயனிகளாகப் பிரிந்து, ஒருவர் வரிசையில் நின்ற இடத்தில் இருவர் வோட்டுப் போட்டு விடுகிறார்கள். 1887-ல் இந்தக் கள்ள வோட்டைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் தேசத்து அரீனியஸ். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன் அவர் எழுதிய பட்ட ஆராய்ச்சிக்கு அவருடைய பேராசிரியர்கள் மிகவும் சுமாரான மதிப்பெண்ணே அளித்தார்கள். 1903-ல் அதே கொள்கைக்காக நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சை திருத்தும் நமக்கெல்லாம் இந்தச் செய்தி அவ்வப்போது நினைவுக்கு வருவது நல்லது.

உப்பளத்துக்குப் போய் நின்றால் நான்கில் முதல் குணம் கண்ணுக்கே தெரியும். பாத்தியில் கட்டிய கடல் நீர் ஆரம்பத்தில் வேகமாய் வற்றும்; முற்ற முற்ற வற்றுவது மந்தமாகும். மேற்பரப்பில் தண்ணீரின் இடத்தை உப்பு அயனிகளும் அடைத்துக் கொள்வதால் ஆவியாகப் புறப்படும் ஜலத்துக்கு வாசல் குறுகி விட்டது என்று சுமாராகச் சொல்லலாம். இனிமேல் உப்புக் கரையாது என்னும் அளவுக்கு முற்றிய நீரின் ஆவியழுத்தம், நல்ல ஜலத்தின் ஆவியழுத்தத்தில் முக்கால் பங்குதான். ஆகவே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டி விட்டால் பாத்தி காயாது. காற்றிலிருந்து ஈரத்தை எதிர்வாங்கல் வாங்கும். அடுக்களை மாடத்து உப்பு ஜாடி ஐப்பசி மாதத்தில் கசிந்து அழுவதும் இதனால்தான். அளத்தில் வேலை செய்பவர் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் எந்தக் காற்றுக்குப் பாத்தியில் கை வைக்கலாம், எந்தக் காற்றுக்கு வைக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கொதிநிலையின் விஷயம் சமையலறைக்கு உரியது. சாதத்துக்கு உலையில் உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்று சில வீடுகளில் ஐதீகம். ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையை உயர்த்துவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை; ஆகையால் ருசிக்காகப் போடலாம், அவசரத்துக்காகப் போடுவதில் பிரயோஜனமில்லை. பாகு காய்ச்சுவது வேறு கதை. அங்கே சர்க்கரை ஜலத்தைவிட அதிகமாகி விடுகிறது. வற்ற வற்றக் கொதிநிலை 100-ஐக் கடந்து மேலே மேலே போகிறது. அதிரசத்துக்கும் மைசூர்ப் பாகுக்கும் பாட்டிமார்கள் இரண்டு விரல்களுக்கிடையில் பாகை இழுத்துக் கம்பிப் பதம் பார்க்கிறார்களே, அது உஷ்ணமானி இல்லாமல் கொதிநிலையைப் படிக்கும் வித்தை. பாகு பட்ட புண் வெந்நீர் பட்ட புண்ணைவிடக் கொடியது என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

உறைநிலையைப் பற்றிப் பேசும்போது ஐஸ் ஹவுஸை விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி உலகமெங்கும் விற்ற டியூடர் என்ற வியாபாரி, 1842-ல் சென்னைக் கடற்கரையில் அந்தக் கட்டடத்தை எழுப்பினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி உண்டாகும்போது தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் இனத்தை மட்டுமே வரிசையில் சேர்த்துக் கொண்டு, கரைந்திருக்கும் உப்பை வெளியே தள்ளி விடுகின்றன. துருவக் கடலில் உறைந்த கட்டியும் ஏறக்குறைய நன்னீர்தான். உப்பு குறுக்கே நிற்பதால் வரிசை சேர்வது தாமதமாகிறது. கடல் நீர் பூஜ்யத்தில் உறையாமல் அதற்குக் கீழே 1.9 டிகிரி வரையில் இறங்குவதற்கு இதுவே காரணம். இந்த இறக்கம் உப்பின் அளவைப் பொறுத்தது என்று பிளாக்டன் என்ற ஆங்கிலேயர் 1788-லேயே அளந்து காட்டினார். நமது தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மணியடித்துக் கொண்டு வரும் குல்ஃபிக்காரரின் பானையில் உடைத்த ஐஸும் கல்லுப்பும் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையில் குளிரக்கூடியது. மின்சாரமில்லாமல் பாலை உறைய வைக்கும் அந்த மனிதரிடம் பையன்களை அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினோம். பாடம் முடியும் முன்பே பானை காலியாகி விட்டது.

நான்காவது குணம்தான் நமது ஊரின் குடிநீரோடு சம்பந்தப்பட்டது. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

1748-ல் நோலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயை விலங்கின் தோற்பையால் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் தோல் பூரி போல உப்பி எழுந்தது. தண்ணீர் உள்ளே போயிற்று. சாராயம் அவ்வளவாக வெளியே வரவில்லை. ஒரு கூறை விட்டு மற்றொன்றைத் தடுக்கும் சவ்வின் இரு புறத்திலும் வெவ்வேறு அடர்த்தியுள்ள நீர் இருந்தால், மெல்லிய பக்கத்திலிருந்து கெட்டியான பக்கத்துக்கு ஜலம் தானாகவே நகர்கிறது. அந்த நகர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதற்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டுமோ அதுவே சவ்வூடு பரவல் அழுத்தம். 1877-ல் பெஃபர் என்ற தாவர சாஸ்திரி இதை அளந்தார். நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்த நீர்கூடப் பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்திற்று! அந்த எண்களை எடுத்து வைத்துக் கொண்டு வாண்ட் ஹாஃப் என்ற ஹாலந்து தேசத்தவர் பார்த்தார். கரைந்த துகள்கள் தண்ணீருக்குள் இல்லாமல், அதே இடத்தில் காற்றாக அலைந்திருந்தால் என்ன அழுத்தம் தருமோ, அதே அழுத்தம்! 1901-ல் முதன்முதலாக ரஸாயனத்துக்கென்று நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அது அவருக்கே போயிற்று.

கடல் நீருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இரண்டிரண்டாகப் பிரிந்த அயனிகளை எண்ணிக் கணக்கிட்டால் 29 வாயுமண்டல அழுத்தம் வருகிறது. உண்மையில் அளந்தால் சுமார் 27. சுமாரான கணக்குக்கு இது மோசமில்லை. 27 வாயுமண்டலம் என்பது ஏறக்குறைய 280 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தூணின் பாரம். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல ஐந்தை ஒன்றன் மேல் ஒன்றாய் நிறுத்தி, அவ்வளவு உயரத்துக்கு நீரை நிரப்ப வேண்டும். கடலுக்கும் நன்னீருக்கும் நடுவே உள்ள மதில் இதுதான்.

இந்த மதிலின் குணம் ஆஸ்பத்திரிக்கும் தெரியும். நமது இரத்த அணுக்களைச் சுற்றியும் சவ்வு இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் படுக்கை தொங்கும் சலைன் பாட்டிலில் நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு என்று கணக்காகக் கலந்திருப்பதன் ரகசியம், அணுவுக்கு உள்ளும் புறமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பதே. வெறும் நீரை நேரே இரத்தத்தில் செலுத்தினால் அணுக்கள் ஊதி வெடிக்கும். கடல் நீரைக் குடித்தவனுக்கு நேர்வதோ எதிர்மாறானது. அந்த உப்பை வெளியேற்றுவதற்குச் சிறுநீரகம், குடித்ததைவிட அதிக ஜலத்தைச் செலவழிக்க வேண்டும். குடிக்கக் குடிக்க வறண்டு போவான். 1971-ல் வங்காள அகதி முகாமில் திலீப் மஹலநபீஸ் என்ற டாக்டர், சலைன் தீர்ந்து போன நிலையில், உப்பும் குளுகோஸும் அளவாய்க் கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்து காலராவிலிருந்து அநேகரைக் காப்பாற்றினார். குளுகோஸ் குடலின் கதவைத் திறக்க, உப்பு நுழைய, உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. இந்தக் கரைசலின் துகள் எண்ணிக்கையை 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இன்னும் குறைத்தது. அளவு மீறிக் கெட்டியானால் பயன் குறைகிறது என்று கண்டதே காரணம். பொட்டலத்தை இத்தனை நீரில் கரைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும்போது, 'குழந்தைதானே' என்று அரை டம்ளரில் கெட்டியாய்க் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. தாய்மார்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மதிலைத் திருப்பித் தாண்டிய கதைக்கு வருவோம். உப்பு நீரின் பக்கம் அந்த 27 வாயுமண்டலத்துக்கும் அதிகமான அழுத்தம் கொடுத்தால், ஜலம் தன் சுபாவத்துக்கு விரோதமாய் நன்னீர்ப் பக்கம் போகும். கொள்கை எளிது, அதற்கேற்ற சவ்வுதான் நெடுங்காலம் கிடைக்கவில்லை. கிடைத்தவை சொட்டுச் சொட்டாகவே நீரை விட்டன. 1959, 1960 வாக்கில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் செல்லுலோஸ் அஸிடேட்டிலிருந்து ஒரு புதுமாதிரிச் சவ்வைச் செய்தார்கள். மேலே மிக மெல்லிய இறுக்கமான தோல். கீழே கடற்பஞ்சு போன்ற தாங்கல். தோல் உப்பைத் தடுத்தது. அது மெல்லியதாகையால் ஜலம் முன்னைவிடப் பல மடங்கு வேகமாய் வந்தது. சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவு வராமற் போகாது. இன்று உலகத்தில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை இவர்களிருவரும் வார்த்த அந்தச் சவ்வின் வாரிசுகளால் நடப்பவை. நமது பாடப் புத்தகங்களில் இவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் காகிதம் ஒன்றும் குறைந்து விடாது.

அந்த வாரிசுகளில் ஒன்று மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவதற்கென்று அமைக்கப்பட்டு, 2010 ஜூலை 31-ஆம் தேதி திறக்கப்பட்டது. தெற்கே நெம்மேலியில் அதே அளவுள்ள மற்றொன்று 2013-ல் வந்தது. அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024-ல் சேர்ந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கிய அந்த நாட்களில், வானத்தை எதிர்பாராமல் நீர் தந்தவை இந்த ஆலைகளே. அந்தக் கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற எவரும் அவற்றை லேசாகப் பேச மாட்டார்கள்.

நமது தெருக்கோடியில் ஒரு ஆயா இருக்கிறார். நெடுங்காலம் காசிமேட்டிலிருந்து கருவாடு கொண்டு வந்து விற்றவர். ஒரு நாள் குழாயடியில் நம்மை நிறுத்திக் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, கடல் தண்ணியத்தான் கொயாய்ல வுடறாங்களாமே? நெசமா? உப்பு எங்க போவுது?"

சவ்வு, அழுத்தம் என்று ஆரம்பித்தால் ஆயா குடத்தைத் தூக்கிக் கொண்டு போய் விடுவார். ஆகையால் நார்த்தங்காயைச் சொன்னோம். காயை அரிந்து உப்புப் போட்டால் ஜாடியில் ஜலம் விடுகிறதே, நாமா ஊற்றினோம்? காயின் தோலுக்குள்ளிருந்த நீரை உப்பு இழுத்துக் கொண்டது. அதே தோலின் மீது உப்புப் பக்கத்திலிருந்து பலமாய் அமுக்கினால், உப்பு தங்கி நீர் மட்டும் திரும்பிப் போகும்.

ஆயா ஒரு நிமிஷம் யோசித்தார். "மீனுக்கு உப்பு வெச்சா தண்ணி வுடுதே, அந்த மாதிரியா? அப்போ இவங்க கருவாட்ட மறுபடி மீனாக்கறாங்கன்னு சொல்லு!"

இருபது வருஷமாய் நாம் வகுப்பில் கொடுத்த உதாரணங்களில் இதற்கு இணையானது ஒன்றுமில்லை. ஆனால் ஆயா அத்துடன் விடவில்லை. "மிச்ச உப்பு?" என்றார். கடலுக்கே போகிறது என்றோம். "அங்க மீனு?" என்றார். உள்ளே இழுக்கும் நீரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்குத் திரும்புகிறது. நன்றாய்ப் பரவிக் கலக்கும்படி விட்டால் தீங்கு குறைவு, ஓரிடத்தில் தேங்கினால் அடித்தரையில் வாழும் பிராணிகளுக்குத் தீங்கு என்று உள்ளதைச் சொன்னோம். ஆயா பதில் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு போய் விட்டார்.

இனி வீட்டுக்குள் நடக்கும் வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் எதிர்வீட்டு அம்மாள் நம்மை அவசரமாய்க் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால், ஒரு கம்பெனியின் பிரதிநிதி, கழுத்துப் பட்டை அணிந்த வாலிபர், மேஜை மீது இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்திருந்தார். ஒன்றில் மெட்ரோ குழாய் நீர். மற்றொன்றில் தமது இயந்திரத்தில் வடித்த நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். இரண்டு நிமிஷத்தில் குழாய் நீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. வடித்த நீர் தெளிவாகவே இருந்தது. "இந்த விஷத்தைத்தான் உங்கள் பேரக் குழந்தைகள் குடிக்கிறார்கள்" என்றார். அம்மாளுக்கு முகம் வெளிறி விட்டது. சீட்டுப் பணம் முன்பணமாகக் கைமாறுவதற்குத் தயாராய் இருந்தது.

அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போடும்படி அம்மாளிடம் சொன்னோம். சமையலறை உப்பு, நாம் தினமும் உண்பது. கலக்கிவிட்டு மறுபடியும் மின்சாரத்தை விடச் சொன்னோம். பிரதிநிதிக்கு விருப்பமில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. அந்த டம்ளர் முன்னதைவிட அதிகமாய்ப் பழுத்தது. பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை. இறக்கிய இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதந்தது. வடித்த நீரில் அயனிகள் சொற்பமாகையால் மின்சாரம் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. குழாய் நீரில் வழக்கமான தாது உப்புக்கள் இருந்தமையால் ஓடிற்று. அவ்வளவே.

வெளியே வந்ததும் அந்த வாலிபர் மெதுவாய், "நானும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான் சார்" என்றார். நமக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. படித்த சாஸ்திரத்தை வைத்துக் கொண்டு பயத்தை விற்கும்படி ஒரு பிள்ளையை அனுப்பி வைத்தவர்கள் மேல்தான் வந்தது.

ஆயினும் நியாயம் இரு பக்கமும் பேச வேண்டும். அம்மாள் வீட்டு ஆழ்குழாய் நீரை நமது சிறு கருவியால் அளந்தபோது, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2000 மில்லிகிராமையும் தாண்டிற்று. இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 500. வேறு வழியில்லாத இடத்தில்தான் 2000 வரை அநுமதி. அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதானால் இயந்திரம் அவசியம். அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் இரண்டு வாயுமண்டலத்துக்கும் குறைவு. வீட்டு இயந்திரத்தின் சிறு பம்ப்பே அதை வென்று விடும். கடல் நீரிடம் அந்தப் பம்ப் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவர்கள் குடிப்பது மெட்ரோ நீர். அதில் எண் 500-க்குள்ளேயே நின்றது. அதை இயந்திரத்தில் விட்டால் ஒரு குடம் வடிவதற்கு இரண்டு மூன்று குடம் சாக்கடைக்குப் போகும். 500-க்குக் குறைந்த இடங்களில் இவ்வியந்திரத்தைத் தடுக்க வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் உத்தரவிட்டது இதை உத்தேசித்தே.

அந்தச் சிறு கருவியையும் தெய்வமாக்கி விடக்கூடாது. அது மின்கடத்துதலைக் கொண்டு அயனிகளின் தொகையை ஊகித்துச் சொல்கிறதே தவிர, அவை சாதுவா போக்கிரியா என்று சொல்லாது. கிருமிகளை அது எண்ணுவதே இல்லை. 50 என்று காட்டிய நீரிலும் வாந்திபேதி இருக்கலாம். எண் நன்றாயிருக்கும் குழாய் நீருக்குக் கொதிக்க வைப்பதைவிடச் சிறந்த சிகிச்சை நமக்குத் தெரியவில்லை.

கிணறுகள் ஏன் கெட்டன என்பது பாக்கி. கரையோர மணலில் மழை நீர் கடல் நீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. கடல் நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி வரையில் நன்னீர் இறங்கி நின்று உப்பைத் தள்ளி வைக்கும். ஏழு கிணற்றின் தித்திப்புக்குக் காரணம் இதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு: இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்குமாகக் குழாய்க் கிணறுகள் இடைவிடாது இறைத்தன. கடல் நிலத்தடியில் பல மைல் உள்ளே புகுந்து, வயற்கிணறுகளையும் உப்பாக்கிற்று. எந்த மீஞ்சூரின் நன்னீரை இறைத்துத் தீர்த்தோமோ, அதே மீஞ்சூரின் கடற்கரையில் ஆலை வைத்து நன்னீர் பிழிகிறோம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. எவ்வளவு சாமர்த்தியமாய் யந்திரம் செய்தாலும் சுமார் ஒரு யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. வாண்ட் ஹாஃபின் கணக்கு போட்ட எல்லை அது. எந்தச் சர்க்காராலும் மாற்ற முடியாத வரி.

அந்த வரியைக் கட்டாமலே உப்பைப் பிரிக்கும் ஆலை ஒன்றிருக்கிறது. வெயிலில் கடல் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கி விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது இலவசமாய் நமது மாடியில் வந்து விழுகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வடசென்னையிலும் தொட்டிகள் கட்டினார்கள். இப்போது நமது தெருவில் அவற்றில் பல, மணலும் பிளாஸ்டிக் உறையும் அடைத்துக் கிடக்கின்றன; சிலவற்றின் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சென்ற வடகிழக்குப் பருவத்தில், மழை பிடித்து ஒரு மணி நேரமான பின், பையன்கள் மாடியில் எவர்சில்வர் குண்டானை வைத்துப் பிடித்த ஜலத்தில் நமது கருவியை இறக்கினோம். எண் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. அன்று தெருவில் முழங்கால் அளவு நின்ற நீர், மறுநாள் காலைக்குள் சாக்கடையோடு கலந்து கால்வாய்க்குப் போயிற்று. கால்வாயிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு, முகத்துவாரத்திலிருந்து கடலுக்கு. காட்டுப்பள்ளி ஆலை நீர் இழுப்பது அங்கிருந்து சில மைல் வடக்கேதான்.